வைஃபை பெட்டிக்குள் ஒரு பொள்ளாச்சிக்காரர்

சென்னிமலைப் பக்கம் ஈசிஇ படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஊரிலேயே எம்.பி. நாச்சிமுத்து பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெருந்துறைக்குப் போனால் கொங்கு பொறியியல் கல்லூரி. முடித்தவர்களில் பலர் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். தொலைத்தொடர்பில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், "இன்னும் எத்தனை வருசமுங்க படிக்கோணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு முன்னால், அந்த ஆராய்ச்சியில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

விசைத்தறிக் கூடத்துக்குள் நின்று பேசிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒன்று, தொண்டை கிழியக் கத்த வேண்டும். அல்லது நிறுத்தி, திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். செல்போன் கோபுரத்துக்கும் இதே பாடுதான். எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகம்வரை பிழையே இல்லாத அளவுக்குச் செய்தி அனுப்ப முடியும், அதைத் தாண்டினால் முடியாது என்று 1948-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டினார். தகவல் கோட்பாடு என்ற துறை அங்கே பிறந்தது. எல்லை எங்கே என்று சொன்னாரே தவிர, அங்கே போய்ச் சேரும் வழியை அவர் சொல்லவில்லை. பிழை திருத்தும் குறியீடுகள் அந்த வழியைத் தேடியதில் பிறந்தவைதான். ராபர்ட் கேலகர் 1960-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் சொன்ன குறியீட்டை முப்பது வருடம் கிட்டத்தட்ட யாரும் சீந்தவில்லை. இன்று 5ஜியில் டேட்டா வருவது அந்த வகைக் குறியீட்டில்.

ஷானன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். அலைக்கற்றை அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சிக்னல் இரைச்சலைப்போல் 100 மடங்கு என்றால், நொடிக்குச் சுமார் 133 மெகாபிட் அனுப்பலாம். மின்திறனை இரட்டிப்பாக்கினால் 266 கிடைக்கும் என்று நினைப்போம். கிடைப்பது 153தான். கத்துவதால் பெரிய பலன் இல்லை. அதே பழைய திறனை இரண்டாகப் பிரித்து, இந்த முனையில் இரண்டு ஆன்டெனா, அந்த முனையில் இரண்டு என்று வைத்தால், சூழல் ஒத்துவரும்போது 227 மெகாபிட் வரை எட்டலாம். கூடுதல் அலைக்கற்றையும் வேண்டாம், கூடுதல் மின்சாரமும் வேண்டாம். இதற்குப் பெயர் மைமோ. சுவரிலும் கட்டடத்திலும் பட்டு எதிரொலித்து வரும் அலைகளை அதுவரை தொல்லையாகப் பார்த்தார்கள்; மைமோவுக்கு அவைதான் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலும் வெவ்வேறு பாதையில் வந்து சேருவதால்தான் அவற்றைப் பிரித்தெடுக்க முடிகிறது.

இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். அவர் வந்த வழி நேர்வழி அல்ல. பதினைந்து வயதிலேயே தேசிய பாதுகாப்பு அகாதமி, பிறகு கடற்படை. கடற்படை அவரை டெல்லி ஐஐடிக்கு எம்.டெக். படிக்க அனுப்பியது. பின்னாளில் சென்னை ஐஐடிக்கு இயக்குநராக வந்த பி.வி. இந்திரேசன் அங்கே அவருக்கு ஆசிரியர். இந்திரேசனின் முயற்சியில் அந்த எம்.டெக். பிஎச்.டி.யாக மாறியது. 1971 டிசம்பர் 9 அன்று இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதன்பின், நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியைச் சீர்செய்யும் பொறுப்பு பால்ராஜ் கையில் வந்தது. பிறகு கொச்சி ஆய்வுக்கூடத்தில் 'அப்சோ' என்ற உள்நாட்டு சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

கடலுக்கடியில் பல உணரிகளை வரிசையாக வைத்து, குழம்பி வரும் ஒலிகளைப் பிரித்தறிவதுதான் சோனார் வேலை. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று 1991-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், ஒரே அலைவரிசையில் கலந்து வரும் ரேடியோ சிக்னல்களைப் பிரிக்கும் ஆய்வில் இறங்கினார். தண்ணீருக்குள் பழகிய கணக்கு காற்றிலும் செல்லுபடியானது. அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து அவர் 1992-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1994-ல் கிடைத்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. பத்ம பூஷண் 2010-ல், மார்க்கோனி பரிசு 2014-ல். இன்று 4ஜியும் 5ஜியும் மைமோ இல்லாமல் இல்லை. வீட்டு வைஃபை பெட்டியிலும் அது இருக்கிறது.

ஆக, ஆய்வுக்கு வரும் மாணவர் முதலில் பிடிக்க வேண்டியது இன்றைக்கு எது சூடான தலைப்பு என்பதை அல்ல என்பேன். நிகழ்தகவும் அணிகளின் கணிதமும் கையில் இருந்தால் 6ஜி வந்தாலும் 7ஜி வந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். நம் கல்லூரிகளில் இந்த இரண்டும் தேர்வுக்கு முந்தின ராத்திரிப் பாடமாகிவிடுவதுதான் வருத்தம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குறியீட்டு ஆய்வில் பெயர்பெற்ற பேராசிரியர் பி. சுந்தர் ராஜன், முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது பி.எஸ்சி. கணிதம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் கான்பூர் ஐஐடியும் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக் கேள்விக்கு வருவோம். பிஎச்.டி.க்கு ஐந்து வருடம் போல ஆகும். ஆனால் கையிலிருந்து செலவழிக்கும் படிப்பு அல்ல அது. 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடிகளுக்கும் அறிவியல் கழகத்துக்கும் போக வழக்கமான வாசல் கேட் தேர்வு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். தயாராக நினைப்பவர்களுக்கு, 5ஜியின் குறியீடுகளைப் பற்றிச் சென்னை ஐஐடி பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜ் எடுத்த பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.