பேச்சை எழுத வேண்டியவர் மாணவரே

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்தநாட்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் போட்டி நடத்தி முதல் பரிசாக 5,000 ரூபாயும், இரண்டாம், மூன்றாம் பரிசுகளாக முறையே 3,000, 2,000 ரூபாயும் வழங்கி வருகிறது; பள்ளி இலக்கிய மன்றங்களும் ஆண்டு விழாக்களும் தனியார் அமைப்புகளும் நடத்தும் போட்டிகள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை. எனினும் இம்மேடைகளில் ஒலிக்கும் பேச்சுகளுள் பலவற்றை எழுதியவர் தமிழாசிரியராகவோ பெற்றோராகவோ இருக்க, மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து, குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையசைவையும் பயின்று ஒப்பிப்பவராக மட்டுமே நிற்கிறார். நினைவாற்றலும் மேடைத் துணிவும் இதனால் வளரலாம். ஒரு கருத்தை ஆராய்ந்து, அதற்குக் காரணம் தேடி, ஏற்காதவரையும் ஏற்கச் செய்யும் ஆற்றல் இதனால் வளர்வதில்லை. அவ்வாற்றலைத் தருவது பேச்சை எழுதும் பணியே ஆகும்.

கேட்போரைத் தம் கருத்துக்கு இணங்கச் செய்யும் நோக்குடைய பேச்சு, செய்தியைத் தெரிவிக்கும் பேச்சினின்றும் ஒருவரைப் புகழும் பேச்சினின்றும் வேறானது. கேட்பவர் இன்னும் இணங்கவில்லை என்பதே அதன் தொடக்கநிலை. எனவே எழுதத் தொடங்கும் மாணவர் மூன்று வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும்: தாம் யாரிடம் பேசுகிறார், கேட்பவர் என்ன செய்ய வேண்டுமெனத் தாம் விரும்புகிறார், கேட்பவர் இதுவரை அதனைச் செய்யாதிருப்பதற்குக் காரணம் என்ன. திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்போர் இன்னார் என்று அறிந்த பின்னரே அவர்முன் அஞ்சாது நிற்றல் பேசப்படுகிறது. பள்ளிகளோ முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டும் பயிற்றுகின்றன.

தலைப்பைத் தேர்வதிலேயே இக்குறை தொடங்கிவிடுகிறது. ‘நூல்களின் பெருமை’ என்ற தலைப்பை மறுப்பார் எவரும் இல்லையாதலால், அதில் எவரையும் இணங்கச் செய்ய வேண்டிய தேவையும் எழுவதில்லை. பேச்சு மேற்கோள்களின் தொகுப்பாக முடிந்துவிடுகிறது. அதே பொருளை ‘நம் பள்ளி நூலகத்தை மதிய உணவு இடைவேளையிலும் திறந்து வைக்க வேண்டும்’ என்று மாற்றினால், கேட்பவர் தலைமையாசிரியர் என்பதும், கோரப்படும் செயல் இன்னது என்பதும், அதற்கு எழக்கூடிய தடைகள் எவை என்பதும் ஒருங்கே தெளிவாகின்றன. எட்டாம் வகுப்பு மாணவராலும் இதைப் பற்றித் தாமாகச் சிந்திக்க இயலும்.

அடுத்துக் கற்பிக்க வேண்டியது வாதத்தின் உறுப்புகள். இதற்கான இலக்கணம் தமிழில் பழமையானது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’ என்னும் பகுதியில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை, அதாவது உண்மையை அறியும் வழிகளைக் கூறும் கலையை, விளக்குகிறார். நிறுவ விரும்பும் கூற்று பக்கம் எனப்படும். அதற்குரிய காரணம் ஏது எனப்படும். அக்காரணம் பொருந்துவதைக் காட்டும் அறிந்த எடுத்துக்காட்டு திட்டாந்தம் எனப்படும். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்ற வேறு இரண்டு உறுப்புகளையும் அளவை நூலார் கூறுவர். அவை திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று காப்பியம் அமைதி கூறுகிறது. செய்யுளுக்குப் பொருள் சொல்லி மதிப்பெண் பெறுவதற்குரியதாக மட்டும் இப்பகுதியைக் கருதாமல், மாணவர் தம் பேச்சைச் சோதித்துப் பார்க்கும் கருவியாகவும் ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்தலாம்.

நூலகத்தைப் பற்றிய பேச்சில் ‘இடைவேளையிலும் நூலகம் திறந்திருக்க வேண்டும்’ என்பது பக்கமாகிறது. ‘படிப்பது நல்லது’ என்று மாணவர் காரணம் எழுதினால், அது நூலகம் வேண்டும் என்பதற்குரிய காரணமேயன்றி இடைவேளையில் திறக்க வேண்டும் என்பதற்குரிய காரணமன்று என்பதை ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும். கூற்றுக்கும் காரணத்துக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைக் கண்டுகொள்வதே இப்பயிற்சியின் உயிர்நிலை எனலாம். மாலையில் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவர்களுக்கு இடைவேளையைத் தவிர வேறு நேரம் இல்லை என்பது பொருந்தும் காரணம். அத்தகையோர் தம் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டறிந்து எழுதுவதும், நூல் வழங்கும் பதிவேட்டைப் பார்த்துக் கடந்த மாதம் எத்தனை நூல்கள் எடுக்கப்பட்டன என்று குறிப்பதும் சான்றாகும். பெரிய அறிஞர் பெயரால் உலவும் ஆதாரமற்ற பொன்மொழி ஒன்றைவிட, மாணவர் தாமே எண்ணிக் கண்ட சிறு எண்ணிக்கை தலைமையாசிரியரிடம் மிகுந்த மதிப்புப் பெறும்.

எடுத்துக்காட்டின் வலிமையை உணர்த்த அண்ணாவின் மாநிலங்களவைப் பேச்சு தக்க சான்று. பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தி ஆட்சிமொழியாக வேண்டும் என்ற வாதத்துக்கு விடையாக, எண்ணிக்கையே அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயில் அன்றிக் காகமே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அனைவரும் அறிந்த ஒன்றைக் காட்டி எதிர்வாதத்தின் அடிப்படை விதியையே கேள்விக்குள்ளாக்கியதால் அந்த எடுத்துக்காட்டு இன்றும் நினைவில் நிற்கிறது. அடுக்குமொழிக்காக மட்டுமே அண்ணாவைப் பின்பற்றச் சொல்லும் பள்ளிகள், அவர் வாதம் அமைக்கும் முறையைக் கற்பிக்காமல் விடுவது பேரிழப்பு.

மாணவர் பேச்சுகளில் பெரும்பாலும் காணப்படாத உறுப்பு மறுப்புக்கு விடையளித்தல் ஆகும். பவணந்தி முனிவரின் நன்னூல், நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கைகளை எழுவகை மதம் என்று வகுக்கும்போது, உடன்படுதலையும் மறுத்தலையும் கூறியதோடு அமையாமல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதலையும் தனிவகையாகக் கூறுகிறது. இளையோர்க்கு இம்மூன்றாவது வழியே மிகுந்த பயனுடையது. இடைவேளையில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ள ஆசிரியர் இல்லை, நூல்கள் தொலைந்துபோகும் என்று தலைமையாசிரியர் கருதலாம். அக்கவலை நியாயமானது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மேல்வகுப்பு மாணவர் இருவர் முறைவைத்துப் பதிவேட்டைக் கவனிக்கும் ஏற்பாட்டை முன்மொழியும் பேச்சு, அக்கவலையைக் குறிப்பிடாமலே கடந்துசெல்லும் பேச்சைவிட நம்பத்தக்கதாகும். வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தம் நண்பரின் வரைவைப் படித்து வலுவான மறுப்பு ஒன்றை எழுதித் தருமாறு செய்தால், இப்பயிற்சி தானாக நடைபெறும்.

காரணமும் சான்றும் மட்டுமே மனத்தை அசைத்துவிடுவதில்லை என்பதும் உண்மை. பொது ஆண்டுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பேச்சு கேட்போரை இணங்கச் செய்வதற்குப் பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்போரிடம் எழும் உணர்வு, பேச்சில் அமையும் காரணம் ஆகிய மூன்றும் வழிகள் என்றார். இம்மூன்றும் இணைந்து இயங்குவதைக் காட்ட, 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் கனடாவைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி செவர்ன் கல்லிஸ் சுசுகி ஆற்றிய உரையை வகுப்பில் ஆராயலாம். தாமும் தோழியரும் தாமே பணம் திரட்டி அங்கு வந்ததைத் தொடக்கத்திலேயே கூறித் தம் நம்பகத்தன்மையை நிறுவிய அவர், தந்தையுடன் மீன்பிடித்த இடத்தில் நோயுற்ற மீன்களைக் கண்டதைக் கூறிப் பொதுவான சிக்கலைக் கண்ணால் கண்ட செய்தியாக்கினார். அரசுப் பேராளர்களாக அமர்ந்திருந்தவர்களுக்கு அவர்கள் தாயராகவும் தந்தையராகவும் இருப்பதை நினைவூட்டினார். அவர் அவையை அறிந்து பேசினார் என்பதற்கு இக்கடைசிச் செயலே போதிய சான்று. கேட்போரின் உணர்வைத் தொடுவது குற்றமன்று. சான்று நிற்க வேண்டிய இடத்தில் கண்ணீரை நிறுத்துவதும், உண்மையல்லாத நிகழ்ச்சியைப் புனைந்து இரங்கச் செய்வதும் குற்றம் என்பதை மாணவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பேச்சின் மொழி செவிக்கு உரியது. கட்டுரையைப் படிப்பவர் விளங்காத வரிக்குத் திரும்பிச் செல்லலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலால் வாக்கியங்கள் ஒரே மூச்சில் சொல்லத்தக்க அளவில் அமைய வேண்டும். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்றான கூறியது கூறல் நூலுக்குக் குற்றமாயினும், பேச்சின் மையக் கூற்று இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வருவது கேட்போர்க்குத் துணையாகும். ஆனால் அதே நூல் கூறும் மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிச் சொல்லுதல், பேச்சையும் கெடுக்கும். சென்று தேய்ந்து இறுதல், அதாவது சிறப்பாகத் தொடங்கி வரவர மெலிந்து முடிதல், மாணவர் பேச்சுகளில் மிகுதியாகத் தென்படும் குற்றம். முன்னுரையை மட்டும் பலமுறை திருத்திவிட்டு முடிவை அவசரமாக எழுதுவதே இதற்குக் காரணமாதலால், கேட்போர் செய்ய வேண்டிய செயலைக் கூறும் முடிவுப் பகுதியை முதலில் எழுதச் செய்வது நல்ல வழி. எழுதிய வரைவை உரக்கப் படித்து, நா தடுமாறும் இடங்களைக் குறித்துத் திருத்துவதும் கடிகாரத்தை வைத்து அளப்பதும் அடுத்த பணிகள்.

இவை அனைத்திலும் ஆசிரியரின் பங்கு வினா எழுப்புவதே ஆகும். யாரிடம் சொல்கிறாய், எப்படித் தெரியும், ஏற்காதவர் என்ன சொல்வார் என்ற வினாக்களை வரைவின் ஓரத்தில் எழுதித் தருவது, பேச்சைத் தாமே எழுதித் தருவதைவிடக் கடினமானது. மிகுந்த நேரமும் கேட்பது. போட்டி நெருங்கும்போது பரிசை விரும்பும் பள்ளிகள் குறுக்கு வழியை நாடுவதற்கு இதுவே காரணம். இந்நிலையை மாற்றும் ஆற்றல் போட்டி நடத்துவோரிடம் பெருமளவு இருக்கிறது. குரலுக்கும் உச்சரிப்புக்கும் மதிப்பெண் வழங்கும் நடுவர்கள், பேச்சு முடிந்ததும் அதன் கருத்தை ஒட்டி மாணவரிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டு, அவர் அளிக்கும் விடைக்கும் மதிப்பெண் ஒதுக்கினால், பேச்சை எழுதும் பணி வெகுவிரைவில் மாணவரின் கைக்கு வந்துசேரும். வரும் கல்வியாண்டின் போட்டிகளிலேயே தமிழ் வளர்ச்சித் துறையும் பள்ளிகளும் இதனைத் தொடங்க வேண்டும்.