தமிழ் விசைகளும் பழக்கமும்

கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் தமிழைத் தமிழ் விசைகளால் எழுதுவது கஷ்டம், ஆங்கில எழுத்துக்களைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்வதே ஸுலபம் என்று படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். அதுவே இயற்கையாகக் கைக்கு வருகிறதாம்! இந்த இயற்கை எங்கிருந்து வந்தது என்று சற்று விசாரிப்பது அவசியமாகிறது.

ஆங்கில விசைகளின் வரிசை அகராதி வரிசையன்று. ஆங்கிலக் குழந்தைக்கும் அது பிறவியில் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமைத்த தட்டெழுத்து யந்திரம் 1874-ல் விற்பனைக்கு வந்தது. அதன் வரிசையே சிற்சில மாறுதல்களுடன் இன்றும் வழங்குகிறது. 1936-ல் ட்வோராக் என்ற பேராசிரியர் தம் சகா ஒருவருடன் வேறொரு வரிசைக்குப் பேடண்டு பெற்றார். பழகிய விரல்கள் அதை ஏற்கவில்லை. ஆப்பிள் கம்பெனியில் மக்கின்டோஷ் வேலையைத் தொடங்கி வைத்த ஜெப் ராஸ்கின், பார்த்தவுடன் புரிகிறது என்று நாம் புகழும் அமைப்பெல்லாம் முன்பே பழகிய அமைப்புத்தான் என்று 1994-ல் ஒரு கட்டுரையில் வாதித்தார். அவர் கட்சியே நம் கட்சியும்.

நம் எழுத்திலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. 'கெ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். பழைய தமிழ்த் தட்டெழுத்துப் பயின்றவர் கொம்பை முதலில் அடித்து, ககரத்தைப் பின்னர் அடிக்கிறார். கையால் எழுதுவதும் அப்படித்தானே? 1999-ல் தமிழ்நாடு அரசாங்கம் அங்கீகரித்த 'தமிழ்-99' முறையிலோ ககரம் முதலில், எகரம் பிறகு. இலக்கணம் கூறும் உயிர்மெய் முறை அது. இரு சாராரும் தத்தம் வழியே இயற்கை என்று சாதிக்கிறார்கள். இருவர் கூற்றும் பொய்யன்று. ஒருவர் பேனாவைப் பழகியவர். மற்றவர் இலக்கணத்தைப் பழகியவர்.

தமிழ்-99 முறையில் 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுக்கள் போதும். புள்ளி தானே விழும். ஆங்கில வழிக்காரரோ ழகரத்துக்காகப் பல வேளைகளில் 'இஸட்', 'எச்' இரண்டையும் அடிக்கிறார். அவ்விரண்டில் ழகர ஓசையின் வாடையேனும் உண்டா? பழக்கத்தால் அந்த விநோதம் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலம் அறிந்தவர்க்கு இது வெறும் ஸௌகரியம். அறியாத உழவரும் நெசவாளரும் என்ன செய்வார்கள்? தாய்மொழியில் ஒரு வரி எழுதுமுன் அந்நிய எழுத்து 26-ஐயும் அவர்கள் கற்றாக வேண்டுமா? அந்நிய ஆட்சி 1947-ல் நீங்கிற்று. நம் விரல்களை விட்டு நீங்கக் காணோம்!

குழந்தை முதன்முதலில் விசைப் பலகையைத் தொடும் வகுப்பிலேயே தமிழ்-99 கற்பிக்கப்பட வேண்டும். ஆங்கிலப் பழக்கம் ஊன்றிய பிறகு கற்பித்தால் அதுவும் கஷ்டமென்றே தோன்றும். தமிழ் எழுத்துப் பொறிக்காத விசைப் பலகைகளைப் பள்ளிகளுக்கும் சர்க்கார் காரியாலயங்களுக்கும் வாங்கலாகாது என்று அரசாங்கம் உத்தரவிட வேண்டும்.