லோடு வண்டி நடுவழியில் நிற்காதிருக்க நாமே செய்துகொள்ளக் கூடியவை



கடைக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இன்று லோடு வண்டி. தராசில் ஒரு கிராம் கூடிக் குறைந்தால் உடனே கவனிக்கிறோம். வண்டியையோ அது நின்ற பிறகுதான் கவனிக்கிறோம். இந்தத் தவறை நாங்களும் செய்து பட்டிருக்கிறோம். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு எங்கள் டீசல் பிக்கப் வண்டியில் ஒவ்வொன்றாகச் செய்த சீர்திருத்தங்களையும் இங்கே எழுதுகிறோம். நாங்கள் மெக்கானிக் அல்ல; பள்ளிப் படிப்போடு மளிகை மொத்த வியாபாரத்துக்கு வந்தவர்கள். ஆகவே ஒரு கடைக்காரர் தம் கையால் செய்யக்கூடியதை மட்டுமே சொல்கிறோம்.

நடந்தது என்ன?

2019-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு போயிற்று. மைதா, சர்க்கரை, எண்ணெய் டின், கடலை மாவு எல்லாம் பண்டிகைச் சரக்கு. பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குக் கீழே உள்ள ரப்பர் ஹோஸ் கிளிப் போட்ட இடத்தில் கிழிந்து, தண்ணீர் முழுவதும் வழியில் கொட்டிப் போயிருந்தது. ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட்டும் போய்விட்டது. சில நூறு ரூபாய் ஹோஸுக்காக 58,000 ரூபாய் செலவாயிற்று.

பணம் போனது ஒரு பக்கம். மறுநாள் மாலைதான் வேறு வண்டியில் சரக்கு ஏறியது. அதற்குள் இரண்டு கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். பதினைந்து வருடமாக எங்களிடமே வாங்கிய ஒருவர், "அண்ணாச்சி, உங்க மேல கோபம் இல்ல. ஆனா பண்டிகைக்குச் சரக்கு இல்லைன்னு என் வாசல்ல வந்து நின்னவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார். அதற்கு எங்களிடமும் பதில் இல்லை.

எங்கள் ஓட்டுநரை அன்று கடுமையாகப் பேசிவிட்டோம். "ஹீட் முள்ளைப் பார்க்காமல் ஓட்டினாயா?" என்று கேட்டோம். "முள் ஏறவே இல்லை முதலாளி" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

முள் ஏன் ஏறவில்லை?

சூட்டை அளக்கும் சென்சார் இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீரில் மூழ்கி இருக்கிறது. அது அளப்பது தண்ணீரின் சூட்டை. தண்ணீரே இல்லாமல் போனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது இரும்பு கொதித்தாலும் முள் நடுவிலேயே நிற்கலாம்; சில வேளை கீழே கூட இறங்கும். எனவே முள்ளை மட்டும் நம்புவது, கல்லாவில் சில்லறை இருப்பதைப் பார்த்து இருப்புக் கணக்கு சரியாக இருக்கிறது என்று நம்புவது போலத்தான்.

இதற்காக நாங்கள் முதலில் செய்தது, ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் குறைந்தால் சத்தம் போடும் ஒரு பஸ்ஸரும், ஹெட்டின் இரும்பிலேயே போல்ட்டோடு சேர்த்து இறுக்கும் தனி சென்சாரும் வைத்ததுதான். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பின் சூடு தெரிந்துவிடும். செலவு குறைவு, பயன் பெரிது.

முதலில் நோட்டு, பிறகு ஸ்பானர்

கண்டதையெல்லாம் வாங்கி மாட்டுவது சீர்திருத்தம் ஆகாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் இன்ஜினையே அழித்துவிடக் கூடியவை: தண்ணீர் இழப்பு, ஆயில் இழப்பு, தூசி. இரண்டாவது பத்தியில் வண்டியை வழியில் நிறுத்தக் கூடியவை: பெல்ட், டீசல் பில்டர், பேட்டரி, எர்த். மூன்றாவதில் செலவு மட்டும் வைப்பவை: கசிவு, புகை, மைலேஜ் குறைவு. பணத்தை முதல் பத்தியிலிருந்து செலவு செய்ய வேண்டும். நம்மில் பலர் மூன்றாவதில் தொடங்கி, முதலுக்கே மோசம் வரும்வரை போய்விடுகிறோம்.

தண்ணீர்ச் சுற்று

ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி, வெடித்திருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது இரு முனையிலும் அழுத்திப் பாருங்கள். சொதசொதவென்றோ, மொறுமொறுவென்றோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே! கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அதுவே ரப்பரை வெட்டும்.

ரேடியேட்டர் மூடி சிறிய பொருள்தான், வேலையோ பெரிது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மேற்கொண்டு 1 பார் அழுத்தம் இருந்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடிதான். ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதே அளவு எண் போட்ட புது மூடி வாங்குங்கள். அதிக எண் போட்டதை மாட்டினால் ஹோஸ் வெடிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலண்டை, டிஸ்டில்டு வாட்டரோடு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். ஊற்றியபின் உள்ளே காற்று தங்காமல் வெளியேற்றி, ஆறிய பிறகு மீண்டும் அளவு பாருங்கள். மளிகைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலண்ட் எத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம், இனிப்பாக இருக்கும். அதைக் குடோனில் எண்ணெய் டின் பக்கத்திலோ, பழைய தண்ணீர் பாட்டிலிலோ வைக்கவே கூடாது.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி கூலாக ஓடும்" என்று சொல்பவர் இன்னும் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். சந்தேகமிருந்தால் அதைக் கழற்றி, சட்டியில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரி வாக்கில் வால்வு திறக்க ஆரம்பித்தால் நல்லது. திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

நம் வண்டிகளுக்கே உரிய இன்னொரு தொல்லை, சாக்கு நாரும் வெங்காயச் சருகும் ரேடியேட்டர் இடுக்கில் அடைவது. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய தகடு மடிந்துவிடும்.

டீசலும் காற்றும்

இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மயிரிழை போன்ற துளை வழியே பாய்கிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரோ துருவோ போனால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். வாரம் ஒரு முறை, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது தெரியும். ஒரு உபரி பில்டரும், அதை மாற்றக் கற்ற ஓட்டுநரும் வண்டியில் இருக்க வேண்டும். ஆனால் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயை யாரும் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஏர் பில்டரை மாற்றுகிறோம். அதிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பார்ப்பதில்லை. அதில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரோட்டுத் தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். பில்டரைத் தட்டித் துடைத்து மாதக்கணக்கில் ஓட்டுவது மிச்சம் அல்ல.

மலை ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும் டர்போவுக்கு ஆயில்தான் உயிர். ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்தால் அதன் ஆயுள் கூடும். ஆயில் கறுப்பாவது டீசல் இன்ஜினில் இயல்பு. பால் காப்பி நிறத்துக்கு மாறினால் தண்ணீர் கலந்திருக்கிறது; ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம்

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கெல்லாம் புது பேட்டரி வாங்குவது வீண். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில்தான் கோளாறு. முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கூடுதலாக ஒரு தடித்த எர்த் கேபிள் போட்டாலே தீரும். பஸ்ஸர் போன்ற புதுப் பொருளுக்குத் தனி பியூஸ் வைத்து லைன் எடுங்கள். கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள். வாரண்டி உள்ள வண்டியானால் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கை வைக்கக் கூடாதவை

இழுவை கூட்டும் சிப் மாட்டுவது, புகைக் கட்டுப்பாட்டு வால்வை அடைப்பது, சைலன்சர் பில்டரை எடுப்பது ஆகியவை சீர்திருத்தம் அல்ல. கூடுதல் இழுவை என்பது கூடுதல் சூடு. அது பழைய ஹெட் கேஸ்கட்டின் தலையில்தான் விடியும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்ற பி.எஸ். 6 வண்டிகளில் இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றது மக்கர் செய்யும். மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் வம்பு வரும். அதிகப் பாரம் ஏற்றிவிட்டு இன்ஜினைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

வேலையை எப்படி வகுப்பது?

பொங்கல் வியாபாரம் ஓய்ந்ததும் நாங்கள் இதைத் தொடங்குவோம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஒரு வாரம் பக்கத்து ஊர்களுக்கு ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வந்தபோது எதனால் வந்தது என்று தெரியாது. கழற்றிய பொருளில் நல்லது இருந்தால் வண்டியிலேயே உபரியாக வைக்கிறோம். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள், விலை நான்கையும் பேரேட்டைப் போல எழுதுகிறோம். ஹெட், பம்ப், டர்போ ஆகியவற்றைப் பிரிக்கும் வேலையை மெக்கானிக்கிடமே விடுகிறோம்.

இவ்வளவும் செய்தபின் ஒருமுறை, அதே மலைப் பாதையில் பஸ்ஸர் கத்தியது. ஓட்டுநர் உடனே நிறுத்திப் பார்த்தார். கிளிப் தளர்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆறும்வரை பொறுத்து, கிளிப்பை இறுக்கித் தண்ணீர் ஊற்றிப் புறப்பட்டார். ஒரு மணி நேரத் தாமதத்தோடு சரக்கு போய்ச் சேர்ந்தது. அன்று மாலை கடைக்கு வந்தவரிடம், 2019-இல் நாங்கள் பேசியது தவறு என்று மற்றவர்கள் எதிரிலேயே சொன்னோம். "அத விடுங்க முதலாளி" என்று சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துக் கிலோமீட்டர் எழுதப் போய்விட்டார்.

வண்டியில் செய்ய வேண்டிய முதல் சீர்திருத்தம், அதைத் தினமும் ஓட்டுகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.