கிணற்றுக்குள் இறங்கும் எஞ்சின்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் உச்சிக்கு ஏறிக் கீழே பாருங்கள். வயல்களுக்கு நடுவே சதுரம் சதுரமாகக் கரும்பள்ளங்கள் தெரியும். அவை பாசனக் கிணறுகள். கோட்டை மதில்களைத் தாங்கி நிற்கிறதே, அத்தகைய கடும்பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தோண்டியவை. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரைத்தான் இவை நம்பியிருக்கின்றன. ஆகவே கோடை முற்ற முற்ற நீர்மட்டம் கீழே போகும். அதன் பின்னாலேயே எஞ்சினும் இறங்கும்.

எஞ்சின் ஏன் இறங்க வேண்டும்? பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இந்த அழுத்தம் 10.3 மீட்டர் உயரத்துக்குமேல் நீரைத் தாங்காது. நடைமுறையில் 6, 7 மீட்டர் கிடைத்தாலே பெரிது. எனவே பம்பை நீரின் அருகே கொண்டுபோக வேண்டும். இதற்காகவே கிணற்றின் பக்கத்தில் மேடை வெட்டி ஆயில் எஞ்சினை வைத்தார்கள். மின் மோட்டார்கள் பெருகிய பிறகு இந்த வழக்கம் குறைந்தது. ஆனால் தூர் வாருவதற்காகக் கிணற்றை இறைக்கும்போது, சிறிய பெட்ரோல் எஞ்சினைக் கயிறு கட்டி உள்ளே இறக்குவது இன்னும் அற்றுப்போகவில்லை.

எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கும் தெரியுமா? 550 சி.சி. கொள்ளளவுள்ள ஒரு நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றினால், 750 முறை காற்றை உள்ளே இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு 8 லிட்டர் போதும். அப்படியானால் கிணற்று மேடையில் நிற்பது ஓர் எஞ்சின் அல்ல. மூச்சுவிடும் 50 பேர்! அந்த ஐம்பது பேராவது கரியமில வாயுவைத்தான் வெளியே விடுவார்கள். எஞ்சின் விடுவது அதைவிடக் கொடியது.

திறந்த வெளியில் புகை காற்றோடு கலந்து போய்விடும். கிணற்றுக்குள் அது எங்கே போகும்? சற்று மேலெழும்பி, குளிர்ந்து, அங்கேயே சுழலும். எஞ்சின் தன் புகையையே மறுபடி குடிக்கும். பிராணவாயு குறையக் குறைய எரிபொருள் அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு பெருகும். டீசல் எஞ்சினைவிடப் பெட்ரோல் எஞ்சினின் புகையில் இந்த வாயு மிக அதிகம். தூய்மைக் கருவி எதுவும் இல்லாத சிறு எஞ்சினில் நூற்றுக்குச் சில பங்குகூட இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள கிணற்றின் அடியில் 4 மீட்டர் உயரத்துக்குக் காற்று தேங்கி நிற்கிறது. இது 36,000 லிட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 200 லிட்டர் புகை விடுகிறது, அதில் 4 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு என்று கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர 36 லிட்டர் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகாது! அந்த அளவே உயிருக்கு ஆபத்தானது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பற்றிக்கொள்கிறது. மணமில்லை, நிறமில்லை. தலை கனக்கிறதே என்று நினைத்து ஏணியைப் பிடிக்கும்போது கை கால் சொன்னபடி கேட்பதில்லை.

இறங்குமுன் விளக்கை உள்ளே விட்டுப் பார்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சாதாரணக் காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு உண்டு. அது 16, 17 விழுக்காட்டுக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்திருப்பதை அது காட்டும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் சிந்திய இடத்திலோ விளக்கே வினையாகும்.

இங்கே படகு கட்டுகிறவர்களிடம் நாம் கற்க ஒன்று உண்டு. நின்றபடி ஓட்டும் ‘ஜெட் ஸ்கி’ என்னும் நீர் வாகனத்தைக் கவாசாகி நிறுவனம் 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் எஞ்சின், மூடிய படகு வயிற்றுக்குள் இருக்கிறது. தண்ணீர் புகக்கூடாது, காற்று புக வேண்டும். ஆகவே காற்றுக் குழாய்களின் வெளிவாய் உயரத்தில் இருக்கும். ஆர்வலர்கள் சிலர் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டுக் குழாயைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவார்கள், எஞ்சின் திணறும். அதைவிட முக்கியமான செய்தி வேறு. பெட்ரோல் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனமானது. படகின் அடியில் தேங்கும். காற்றில் அது 1.4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். மேலே மட்டும் துளைகளை வைத்தால் அடியில் உள்ள ஆவி அசையாது. அதனால்தான் பெட்ரோல் எஞ்சின் படகுகளில் ஆவியை வெளியேற்றும் குழாய் அடிவயிறு வரை நீள்கிறது.

கிணற்றுக்கும் இதுவே பொருந்தும். வாய் அகலமாகத் திறந்திருக்கிறதே என்று அடிக்காற்று தானாக மாறிவிடாது. வேப்பந்தழைக் கட்டை ஏற்றி இறக்குவது காற்றைக் கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். ஊதுவிசிறியைக் கரையில் வைத்து, அதன் குழாயைக் கிணற்றின் அடிவரை விட்டு நல்ல காற்றைத் தள்ள வேண்டும். விசிறி எஞ்சினால் ஓடுவதாயின் அதன் புகை விசிறியின் வாய்க்கு வராத பக்கமாகப் பாருங்கள். இல்லாவிட்டால் நாமே நஞ்சை உள்ளே ஊதுவோம். தண்ணீரை இறைக்க நீர்மூழ்கி மின் பம்பை இறக்கலாம். பெட்ரோல் எஞ்சினை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே இறக்கக்கூடாது.

உள்ளே ஒருவர் சாய்ந்துவிட்டால் கரையில் நிற்பவருக்குக் குதிக்கத்தான் தோன்றும். அண்ணனைத் தூக்கத் தம்பியும், தம்பியைத் தூக்கப் பக்கத்து வயல்காரரும் இறங்கி, ஒரே கிணற்றில் மூவர் மாண்ட செய்திகளை நாளேடுகளில் பார்க்கிறோம். மூவரும் மூச்சிழுத்தது அதே காற்றை. இறங்குகிறவரின் இடுப்பில் முதலிலேயே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். கயிறு இல்லையென்றால் எஞ்சினை நிறுத்த வழியுண்டா என்று பார்த்துவிட்டு, 101 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். தீயணைப்புப் படையினர் மூச்சுக் கருவி அணிந்துதான் இறங்குவார்கள்.