தெருவிளக்கு எரியவில்லை என்று யார் சொல்வது?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகருக்கு மாநகராட்சியே நடத்தும் மின்வாரியம் ஒன்று உண்டு. தெருவிளக்குகளும் அதன் பொறுப்புதான். விளக்கு அணைந்துபோனால் தெருக்காரர் யாராவது போன் போட்டுச் சொல்வார். ஆள் வந்து மாற்றிவிட்டுப் போவார். பல காலம் இப்படித்தான் நடந்தது. இதில் குற்றம் எதுவும் கண்ணில் படாது. கூப்பிட்டவர் வெள்ளையரா, கறுப்பரா, வியட்நாமியரா என்று போனை எடுப்பவர் கேட்பதில்லை. யார் புகார் சொன்னாலும் வேலை நடக்கும்.

ஆனால் புகார் சொல்ல முன்வருவது யார்? சொன்னால் நடக்கும் என்று முன்பே அனுபவப்பட்டவர் சொல்வார். ஆங்கிலம் தங்குதடையின்றி வருபவர் சொல்வார். இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறவருக்கு அதற்கு நேரமில்லை. அரசாங்கத்தைக் கூப்பிட்டால் வேறு ஏதாவது வம்பு வருமோ என்று அஞ்சுகிற குடியேறிக்குத் துணிவில்லை. ஆக, இருட்டு யார் தெருவில் தங்கும் என்பதை எந்த அதிகாரியும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை; நடைமுறையே அதை முடிவு செய்துவிட்டது. இது புரிந்த பிறகு, புகாரை மட்டும் நம்பியிருக்கும் வழக்கத்தைச் சியாட்டில் கைவிட்டது.

அமெரிக்க நகராட்சிகளில் ‘இனச் சமநீதி’ என்ற பெயரில் கடந்த இருபது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சியை விளக்க இந்த விளக்குக் கம்பத்தைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்பது சமத்துவம். அந்த ஒரே விதி யாரைக் கைதூக்கிவிடுகிறது, யாரைக் கைவிடுகிறது என்று கணக்குப் பார்த்து விதியையே திருத்துவது சமநீதி. அந்தக் கணக்கை அதிகாரிகள் மட்டும் பார்த்தால் போதுமா, பாதிக்கப்படுகிற மக்களும் கூட உட்கார வேண்டுமா என்பதில்தான் சியாட்டிலில் இன்றுவரை இழுபறி.

மக்கள் உட்கார வேண்டும் என்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்நகரின் நூற்றுக்கணக்கான மனைப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது: வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சில பத்திரங்கள் யூதர்களையும் சேர்த்து விலக்கின. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. காகிதத்தில் இருந்த எழுத்து அப்படியே கிடந்தது. வீட்டுத் தரகர்களும் வங்கிகளும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்பின மக்களுக்கு மிஞ்சியது ‘சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற ஒரே பகுதி.

வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1964இல் சியாட்டில் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்டது. ஆதரித்தவர்களைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். தாராளச் சிந்தனைக்குப் பேர்போன நகரம் என்று இன்று பெருமையடித்துக்கொள்ளும் ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பான்மையிடம் கைதூக்கச் சொல்லிக் கேட்பது மட்டுமே மக்கள் பங்கேற்பு என்று எடுத்துக்கொண்டால் நீதி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து சாம் ஸ்மித் நகரமன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பதினைந்தாம் நாள் நகரமன்றமே அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதன் பிறகான பத்தாண்டில் நகராட்சி கூப்பிடும் என்று யாரும் காத்திருக்கவில்லை. 1972 அக்டோபரில் ராபர்ட்டோ மயெஸ்டாஸ் தலைமையில் மெக்சிகோ வழி மக்கள், மூடிக்கிடந்த பீக்கன் ஹில் பள்ளிக் கட்டடத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம், உள்ளே கணப்பு வசதிகூட இல்லை. மாதக்கணக்கில் நகரவில்லை. கடைசியில் ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் கட்டடம் அவர்கள் கைக்கு வந்தது. இன்றும் ‘எல் சென்ட்ரோ டி லா ராசா’ அங்கேதான் இயங்குகிறது. மயெஸ்டாஸ், கறுப்பினத் தலைவர் லாரி காசெட், பூர்வகுடித் தலைவர் பெர்னி வைட்பேர், ஆசிய அமெரிக்கர்களின் பாப் சாண்டோஸ் ஆகிய நால்வரையும் சேர்த்து ‘நால்வர் கும்பல்’ என்றே ஊர் கூப்பிட்டது. ஒருவர் போராட்டத்தில் மற்ற மூவரும் நிற்பார்கள். இப்படித் தட்டிப் பறித்தவை பல. ஆனாலும் அலுவலகத்துக்குள் நடக்கும் அன்றாடக் கோப்பு வேலை அப்படியே இருந்தது.

அந்தக் கோப்புக்குள் கை வைத்தது 2004இல். மேயர் கிரெக் நிக்கல்ஸ் தொடங்கிய ‘இனம் மற்றும் சமூகநீதி முன்முயற்சி’தான், ஒரு அமெரிக்க நகரம் தன் சொந்த நிர்வாகத்துக்குள் இருக்கும் நிறுவனரீதியான இனப்பாகுபாட்டைக் களைய எடுத்த முதல் திட்டம் என்று சொல்லப்படுகிறது. மாநில அளவில் கை கட்டப்பட்டிருந்த நேரம் அது. வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் 1998இல் ஏற்ற ‘ஐ-200’ சட்டம், அரசு வேலையிலும் ஒப்பந்தங்களிலும் கல்வியிலும் இன அடிப்படையில் முன்னுரிமை தருவதைத் தடை செய்திருந்தது. நம் ஊர் இடஒதுக்கீடு போன்ற வழிக்கு அங்கே இடமில்லை. எனவே விதிகளைச் சோதிப்பது என்ற சுற்றுவழியில் போனார்கள். ஒவ்வொரு துறையிலும் ஊழியர்களைக் கொண்ட ‘மாற்றக் குழு’ அமைந்தது. புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ வரும்போது சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: இதனால் யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை, பாதிக்கப்படுகிறவர்களிடம் கேட்டீர்களா, கேட்டதை வைத்து எதை மாற்றினீர்கள், முடிவை அவர்களிடம் திரும்பிப் போய்ச் சொன்னீர்களா?

எளிய கேள்விகள்தான். ஆனால் முடிவெடுத்துவிட்டுப் பிறகு படிவத்தை நிரப்பினால் பதில்கள் எல்லாமே அழகாக இருக்கும். இதுதான் இந்த முறையின் ஓட்டை. மேயர்கள் மாறினாலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 2023இல்தான் முன்முயற்சியை நகரமன்றம் சட்டமாக்கியது. இதற்கிடையே மாதிரி பரவியது. இனச் சமநீதிக்கான உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு ஒன்று 2014இல் உருவானது. பல நகராட்சிகளும் மாவட்ட அரசுகளும் அதே கேள்வித்தாளை ஏதோ ஒரு வடிவில் எடுத்துக்கொண்டன.

2016இல் நடந்தது மக்கள் பங்கேற்பு என்ற சொல்லையே சோதித்த சம்பவம். சியாட்டிலில் 13 வட்டார மன்றங்கள் இருந்தன. மாநகராட்சியின் ஆதரவோடு இயங்கிய அவை, அக்கம்பக்க நிதி எங்கே போக வேண்டும் என்பதில் கருத்துச் சொல்லிவந்தன. யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய, சொந்த வீடுள்ள வெள்ளையர்கள். நகரத்தில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் மேயர் எட் மர்ரி இந்த மன்றங்களோடு மாநகராட்சிக்கு இருந்த அதிகாரபூர்வத் தொடர்பைத் துண்டித்தார். பெரிய கூச்சல் எழுந்தது. பல ஆண்டுகள் மாலை நேரத்தைச் செலவழித்து உழைத்தவர்களை உதறித்தள்ளுவதா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாநகராட்சியோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர்களை வெளியே வைப்பது எந்த மேயருக்கும் வசதிதான் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு.

ஆனால் அந்த மன்றங்களுக்குப் பதிலாக மாநகராட்சி நம்பிய ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ‘சமூகத் தொடர்பாளர்’ என்று நகராட்சி சிலரை வைத்திருந்தது. சோமாலி, வியட்நாமியம், ஸ்பானிஷ், அம்ஹாரிக் என்று அந்தந்த மொழி பேசும், அந்தந்தச் சமூகத்துக்குள்ளேயே வாழும் ஆட்கள். அவர்களுக்கு மணிக் கணக்கில் சம்பளம் உண்டு. இந்தச் சம்பளம்தான் முக்கியம். வழக்கமாகக் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று ஏழைகளை அழைக்கிறார்கள். அழைக்கிற அதிகாரிக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம், ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம், தன் தெருவைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவருக்கு மட்டும் ஒரு கோப்பை காபி.

நிலத்தின் விலை இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டில் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். தொழில்நுட்பப் பணம் நகரில் கொட்ட ஆரம்பித்து வாடகையும் சொத்து வரியும் ஏறியதில் இப்போது பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஒரு காலத்தில் வேறெங்கும் வசிக்க விடாமல் அங்கே அடைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அங்கே வசிக்கக் கட்டுப்படியாகவில்லை. நகரின் தெற்கே, தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன டுவாமிஷ் ஆற்றங்கரை மக்களின் சராசரி ஆயுள், வடக்கே லாரல்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தர் பகுதியைவிட 13 ஆண்டு குறைவு என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரே மேயர், ஒரே மாநகராட்சி.

அதனால் 2016க்குப் பிறகு கோரிக்கை ‘எங்களைக் கேளுங்கள்’ என்பதிலிருந்து ‘நிலத்தையும் நிதியையும் எங்கள் கையில் கொடுங்கள்’ என்று நகர்ந்தது. மாநகராட்சிக்குச் சொந்தமான இடத்தை விற்ற பணத்தில் 1.6 கோடி டாலரோடு ‘சமநீதி வளர்ச்சி’ நிதி தொடங்கியது. சமூக அமைப்புகள் தாங்களே நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்ப இந்தப் பணம். சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டில் பயனின்றிக் கிடந்த ஆறாம் எண் தீயணைப்பு நிலையத்தைக் கறுப்பினச் சமூகம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டு ஊரே தெருவில் இறங்கிய 2020 ஜூனில்தான் மேயர் ஜென்னி டர்கன் தருவதாக அறிவித்தார். ஆப்பிரிக்காடவுன் என்ற சமூக நில அறக்கட்டளைக்கு 99 ஆண்டுக் குத்தகை. 1882இல் அந்தப் பகுதியில் 12 ஏக்கர் வாங்கிய கறுப்பின முன்னோடி வில்லியம் குரோஸின் பெயர் அங்கே திட்டமிட்ட மையத்துக்கு. கேள்வித்தாள் பல ஆண்டாக அலுவலகத்தில் இருந்தது. சாவி கைக்கு வந்தது ஊர்வலத்துக்குப் பிறகு.

அதே ஆண்டின் இன்னொரு வாக்குறுதி அவ்வளவு நன்றாகப் போகவில்லை. சுமார் 3 கோடி டாலரை எப்படிச் செலவிடுவது என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என நகரமன்றம் சொன்னது. எந்த வழியில் கேட்பது என்று கண்டறியவே 30 லட்சம் டாலருக்கு ஓர் ஆய்வு ஒப்பந்தம். ஆய்வு செய்தவர்களுக்குள் பூசல், யார் நடத்துவது என்ற தாமதம், மேயர் மாற்றம். வாக்கெடுப்பு 2023 இலையுதிர் காலத்தில்தான் நடந்தது. அப்போது தெருவில் கூட்டம் இல்லை. வென்றவற்றில் பொதுக் கழிப்பறைகளும் நகர்ப்புற வேளாண்மையும் இருந்தன. காவல்துறைச் சீர்திருத்தத்துக்காகத் தொடங்கிய பேச்சு கழிப்பறையில் முடிந்ததா என்று சிரித்தவர்கள் உண்டு. தெருவில் வசிப்பவரைக் கேட்டால் கழிப்பறைதான் முதலில் என்பார்.

எதிர்ப்பும் வலுத்திருக்கிறது. ஊழியர்களுக்கு நடத்திய இனநீதிப் பயிற்சிகள் வெள்ளையர்களை அவமதிக்கின்றன என்று முன்னாள் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2025இல் கூட்டாட்சி நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் வெள்ளை மாளிகையில் ஆட்சி மாறி, இத்தகைய திட்டங்களுக்கு எதிரான ஆணைகள் ஜனவரியிலேயே வந்துவிட்டன. கூட்டாட்சி நிதியை நம்பியிருக்கும் நகரங்கள் தங்கள் ஆவணங்களில் ‘சமநீதி’ என்ற சொல்லை வைத்திருப்பதா, எடுப்பதா என்று யோசிக்கத் தொடங்கின.

சியாட்டில் கதையில் நமக்கு நெருங்கிய அத்தியாயம் 2023 பிப்ரவரி 21. அன்று நகரமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற வாக்கில், சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டிலை ஆக்கியது. சட்ட வரைவைக் கொண்டுவந்தவர் புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். பின்னால் நின்று மக்களைத் திரட்டியவர்களில் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தலித் பெற்றோரின் மகள் தேன்மொழி சௌந்தரராஜன். மன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் அதிகாலையிலேயே வரிசை கட்டின. பேசப் பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஒரு சமூகத்தையே குறிவைக்கும் சட்டம் என்றார்கள் சில இந்து அமைப்பினர். அலுவலகத்தில் முதுகைத் தடவிப் பூணூல் தேடுவதையும், ‘நீங்க எந்த ஊர், எந்தத் தெரு’ என்று சுற்றிவளைத்துக் கேட்பதையும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரமன்ற உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

இப்போது அங்கே வேலையிலோ வீட்டு வாடகையிலோ சாதி காரணமாக ஒதுக்கப்பட்டவர் மாநகராட்சியின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் போகலாம். போக வேண்டியவர் பெரும்பாலும் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். சாதியைச் சொல்லிப் புகார் கொடுத்தால், இத்தனை காலம் மறைத்துவைத்த சாதியை அதே அலுவலகத்தில் தானே வெளியிட்டதாகிவிடும். சட்டம் அவருடைய போனுக்காகக் காத்திருக்கிறது.