அழைக்கும் சொற்கள்

"வா" என்று விருந்தினரை அழைப்பதும், "வா, ஒரு கை பார்க்கலாம்" என்று வம்புக்கு இழுப்பதும் ஒன்றாகுமா? ஆகாது. இந்த வேறுபாட்டை ஒரு வினைச்சொல்லின் ஈற்றிலேயே காட்டிவிடுகிறது வடமொழி.

வடமொழியில் 'ஹ்வே' என்னும் வேர்ச்சொல் அழைத்தலைக் குறிக்கும். அதிலிருந்து 'ஹ்வயதி' (அழைக்கிறான்), 'ஜுஹாவ' (அழைத்தான்), 'ஹ்வாஸ்யதி' (அழைப்பான்), 'ஹூத' (அழைக்கப்பட்ட) எனப் பல வடிவங்கள் கிளைக்கின்றன. முன்னே 'ஆ' சேர்த்து 'ஆஹ்வயதி' என்றால், 'தன்னிடம் அழைக்கிறான்' என்பது பொருள். ஈறு மாறி 'ஆஹ்வயதே' என்றாலோ, 'போட்டிக்கு அறைகூவுகிறான்' என்று பொருள்படும்! பாணினி இதற்கெனத் தனிச் சூத்திரமே வகுத்துள்ளார். மல்லன் ஒருவன் மற்றொரு மல்லனை அறைகூவுவதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகத் தருவர்.

எங்கள் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. தெலுங்கில் அழைப்பை 'ஆஹ்வானம்' என்பர். அது இந்த வேரில் பிறந்த சொல்லே. கோயில்களில் கும்பத்தில் இறைவனை எழுந்தருளச் செய்வதை 'ஆவாஹனம்' என்கின்றனர். ஒலி ஒத்திருப்பதால் இவ்விரண்டையும் உடன்பிறப்புகள் என்று எண்ணிவிடக் கூடாது. 'ஆவாஹனம்' என்பது 'வஹ்' (சுமத்தல், கொண்டுவருதல்) என்னும் வேரிலிருந்து வந்தது. நாம் நன்கறிந்த 'வாகனம்' அதன் தங்கை!

தமிழிலோ, அழைக்கும்போது பெயரே உருமாறுகிறது. 'அன்னை' 'அன்னாய்' ஆகிறாள். 'மகன்' 'மகனே' ஆகிறான். இதுவே எட்டாம் வேற்றுமையாகிய விளிவேற்றுமை. தொல்காப்பியர் இதற்கு 'விளிமரபு' என ஓர் இயலையே ஒதுக்கினார். அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாளின் திருப்பாவையில் 30 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 6 முதல் 15 வரையுள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்புபவை. ஒருத்தியைப் 'பேய்ப்பெண்ணே' என்று செல்லமாகக் கடிந்தும், இன்னொருத்தியை 'இளங்கிளியே' என்று கொஞ்சியும் அழைக்கிறார் ஆண்டாள். எப்படி அழைத்தாலும் எவரையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

நாமும் செபத்தில் 'பிதாவே' என்றும் 'மரியே' என்றும் விளிக்கிறோம். இறைவனை இத்தனை அன்போடு விளிக்கும் அதே நாவால், வகுப்பறையைப் பெருக்க வரும் அம்மாவை 'ஏய்' என்று கூப்பிடலாமா? அவருக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டல்லவா?

ஈறு மாறினால் அழைப்பு அறைகூவலாகிவிடும் என்கிறது இலக்கணம். நம் குரல் மாறினாலும் அப்படித்தான். ஆகவே தோழியரே, அழைப்பதற்கு முன் ஒரு நொடி சிந்திப்போம், அன்போடு அழைப்போம்!