ட்ரெய்லர் ஏறும் முச்சக்கர ராட்சசன்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூர் கிடுகிடுக்க ஆரம்பித்துவிடும். ஊரின் ஜனத்தொகை ஏறத்தாழ 7,000. ‘ஜாக்பைன் ஜிப்சீஸ்’ என்ற உள்ளூர் மோட்டார்சைக்கிள் சங்கம் 1938-ல் ஒரு பந்தயத்தோடு தொடங்கிவைத்த திருவிழா, 2015-ல் தன் 75-வது கூடுகைக்கு 7 லட்சத்துக்கும் அதிகமானோரை இழுத்துவந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் இரண்டு பக்கமும், நடுவிலும் வண்டி வரிசை. குரோமியம் மினுங்க, இன்ஜின் உறும, அத்தனை கேமராக்களும் அங்கேதான் திரும்பியிருக்கும்.

நாம் அங்கே நிற்கப் போவதில்லை. வாங்க, ஊருக்கு வெளியே போவோம்! பக்கத்து நகரமான ரேப்பிட் சிட்டியில் விடுதிகளின் பின்புறம், கூடாரத் திடல்களின் ஓரம், புல்வெளியில் சும்மா கிடக்கும் காலி ட்ரெய்லர்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் பளபளக்கும் வண்டிகளில் கணிசமானவை இவற்றின் முதுகில் ஏறித்தான் வந்திருக்கின்றன. ‘நான் ஓட்டியே வந்தேன்’ என்று மார்தட்டும் சட்டைகள் அதே திருவிழாவில் விற்பனையாகின்றன என்பதும் உண்மைதான். விற்கட்டும். 500 கிலோவைத் தாண்டும் ஓர் இயந்திரத்தை ஒரு கீறல் விழாமல் மாநிலம் மாநிலமாகக் கொண்டுவந்து சேர்ப்பது எப்பேர்ப்பட்ட கைவேலை என்று கிட்டே போய்ப் பார்த்தவர்கள் அந்தச் சட்டையைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

முதலில் நம் கதாநாயகனைப் பாருங்கள். ஹார்லி டேவிட்சனின் ட்ரை கிளைட் அல்ட்ரா. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, சுருக்கமாக ட்ரைக். சுமார் 560 கிலோ! பின்னோக்கி நகர மின்சார ரிவர்ஸ், கார் மாதிரி நிறுத்து பிரேக், பின்னால் பெட்டி பெட்டியாகச் சாமான் வைக்க இடம். அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர். சாதாரண பைக் ட்ரெய்லரின் ஒற்றைத் தடத்தில் இதை ஏற்ற வழியே இல்லை. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று தடம் வேண்டும், அல்லது முழுத் தட்டையான தளம் வேண்டும்.

ஏற்றுகிற காட்சி இருக்கிறதே, அதைப் பார்க்கக் கூட்டமே கூடும். ட்ரைக்கின் வயிறு தரையோடு தரையாக இருப்பதால் சரிவுப்பலகையும் தளமும் சேரும் முனையில் அடிப்பாகம் தட்டி நின்றுவிடும். முன்சக்கரம் மேலே, பின்சக்கரங்கள் கீழே, வண்டி நடுவில் தொங்கும். அனுபவசாலிகள் கையாளும் வித்தை என்ன தெரியுமா? ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் ஜாக்கியைச் சுழற்றி முன்பக்கத்தை உயர்த்துவார்கள். மூக்கு உயர வால் தானாகத் தாழும், சரிவு குறையும், ராட்சசன் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடுவான். காசு கூடச் செலவழிப்பவர்களுக்கு ஹைட்ராலிக் ட்ரெய்லர் இருக்கிறது. தளம் முழுவதும் அப்படியே தரைக்கு இறங்கிவந்து உட்காரும், வண்டியை உருட்டி விட்டதும் எழுந்து நிற்கும். அந்தத் தளம் இறங்குவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

சரிவுப்பலகையை ட்ரெய்லரோடு சங்கிலி போட்டுக் கட்டாமல் யாரும் வண்டியை ஏற்றக் கூடாது. சக்கரம் உந்தும்போது பலகை பின்னால் நழுவினால் வண்டியும் ஆளும் சேர்ந்து விழுவார்கள்.

மேலே ஏறியாயிற்று. இனி கட்ட வேண்டும். இங்கேதான் இரண்டு சக்கரமும் மூன்று சக்கரமும் இரண்டு வேறு உலகங்கள்! பைக் எந்த நொடியும் சாயக் காத்திருக்கும். ஆகவே முன்சக்கரத்தை இடுக்கியில் நிறுத்தி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என ராட்செட் ஸ்ட்ராப் என்ற இறுக்குப் பட்டை போட்டு, முன் ஷாக் பாதியளவு அமுங்கும்வரை இறுக்குவார்கள். அதற்குமேல் போனால் ஷாக்கின் ஆயில் சீல் பாழ். ட்ரைக்கோ சாயாது, தன் காலிலேயே நிற்கும். அதற்கு உருளத்தான் ஆசை. தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிற மாதிரி சக்கரங்களுக்கு அணை கொடுத்து, பின் டயர்களின் மேல் வலைபோன்ற பட்டை போர்த்தித் தளத்தோடு இறுக்கிவிடுவார்கள். டயர் கட்டுண்டு கிடக்க, உடல் மட்டும் தன் ஸ்பிரிங்கில் லேசாக ஆடிக்கொண்டே வரும். அப்படி ஆட விடுவதுதான் நல்லது.

சின்னச் சின்ன ரகசியங்கள் இன்னும் இருக்கின்றன. ராட்செட்டின் இரும்புக் கொக்கி குரோமியத்தைத் தொடாமல் இருக்க இடையில் ஒரு துணி வளையம் மாட்டுவார்கள். நீளமான ஸ்ட்ராப்பை மாட்டும்போது வேண்டுமென்றே அரை முறுக்கு கொடுத்துவிடுவார்கள். தட்டையாக விட்டால் காற்றில் படபடவென அடித்து, நாள் முழுக்க ரீங்கரித்து, கடைசியில் தளர்ந்தும் போகும். ஒரே ஒரு முறுக்கு, சத்தமே போச்சு! வண்டிக்கு உறை போடலாம் என்று தோன்றும். திறந்த ட்ரெய்லரில் வேண்டவே வேண்டாம், துணி காற்றில் அடித்து அடித்தே பெயின்ட்டைத் தேய்த்துவிடும். வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி ஏற்றுவதும் ஆகாது. முன் கண்ணாடி எதிர்க்காற்றைத் தாங்கச் செய்யப்பட்டது, முதுகில் அடிக்கும் காற்றை அல்ல. இதற்கெல்லாம் மேலாக, திருட்டு அலாரம்! வண்டி குலுங்கக் குலுங்க யாரோ களவாடுகிறார்கள் என்று நினைத்து அது அலறித் தீர்க்கும். இதற்கென்றே ஹார்லியின் பாதுகாப்பு அமைப்பில் ‘டிரான்ஸ்போர்ட் மோடு’ என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் மனதுக்கு மிகப் பிடித்த பகுதி, எடைக்கணக்கு. ட்ரெய்லர் 350 கிலோ, ட்ரைக் 560, சாமான் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 970. இதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 97-லிருந்து 145 கிலோ வரை, இழுக்கும் காரில் ட்ரெய்லரைக் கோக்கும் ஹிட்ச் பந்தின்மேல் அழுந்த வேண்டும். அழுத்தம் குறைந்தால், அதாவது பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையே சுழற்றிப் போட்டுவிடும். அப்போது பதறிக் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ட்ரெய்லருக்கென்று தனி மின்சார பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெல்ல அழுத்த வேண்டும். ட்ரைக்கின் பாரம் பின் அச்சின் பக்கம் கூடுதலாக இருப்பதால், பைக்கை நிறுத்திய அதே இடத்தில் இதை நிறுத்தினால் கணக்கு தப்பும். ஒரு சாண் முன்னே தள்ளி நிறுத்துவதில் பயணத்தின் தலையெழுத்தே மாறும்!

பந்தின்மேல் எத்தனை கிலோ என்று எப்படி அளப்பார்கள்? வீட்டில் குளியலறையில் வைத்திருக்கும் எடைமெஷினால்! ஒரு கட்டையின் ஒரு முனையை எடைமெஷின்மேலும் மறுமுனையைச் செங்கல்மேலும் வைக்க வேண்டும். ட்ரெய்லரின் மூக்கைச் செங்கலிலிருந்து ஓர் அடி, மெஷினிலிருந்து இரண்டு அடி தள்ளி இறக்க வேண்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை வந்துவிடும். நெம்புகோல் தத்துவம் வீட்டு வாசலிலேயே! முழு எடையும் தெரிய வேண்டுமா? நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருக்கின்றன. 1977-ல் அயோவாவின் வால்காட்டில் தொடங்கிய நிறுவனம் அது. கொஞ்சம் டாலர் கொடுத்தால் ஒவ்வொரு அச்சின் பாரமும் தனித்தனியாக அச்சிட்ட சீட்டில் கைக்கு வரும்.

சிலர் குறுக்குவழி பார்ப்பார்கள். முன்சக்கரத்தை மட்டும் ஒரு சின்னத் தாங்கியில் தூக்கி மாட்டி, பின்சக்கரம் ரோட்டில் உருள இழுத்துப் போவார்கள். எனக்கு இதில் சம்மதமே இல்லை. இன்ஜின் அணைந்திருக்க, பின்சக்கரம் கியர்பாக்ஸின் வெளித்தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். போதிய ஆயில் எட்டாமல் உள்ளே தேயும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்படிப் போவது வண்டிக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு பக்கம் மோட்டார்ஹோம்காரர்கள் வருகிறார்கள். வீட்டையே ஓட்டி வரும் அவர்களில் சிலர் ‘டாய் ஹாலர்’ வைத்திருக்கிறார்கள். முன்பாதியில் சமையலறையும் குளியலறையும், பின்பாதியில் வண்டிக்கூடம்! பின்சுவர் அப்படியே சாய்ந்து சரிவுப்பலகையாகும். சில மாடல்களில் கட்டில் மோட்டாரில் ஏறிக் கூரையோடு ஒட்டிக்கொள்ளும். பகலெல்லாம் ஹார்லி நின்ற இடத்தில் ராத்திரி கட்டில் இறங்கும். எனக்கு ஒரு வரம் கிடைத்தால் அதில் ஒரு வாரம் குடியிருக்கக் கேட்பேன்.

சாலைக்கு வந்தால் ஐ-90 நெடுஞ்சாலை. தெற்கு டகோட்டாவில் அதன் பெரும்பகுதியில் வேகவரம்பு மணிக்கு 80 மைல், சுமார் 129 கிலோமீட்டர். ஆனால் பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைலுக்கு மட்டுமே தயாரிக்கப்பட்டவை, அதாவது 105 கிலோமீட்டர். எல்லாரும் முந்திப் போகட்டும் என்று வலது ஓரமாகப் போவதுதான் அழகு. சமவெளியில் குறுக்குக்காற்று வேறு தள்ளும். புறப்பட்டு 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி ஸ்ட்ராப்புகளை மறுபடி இறுக்க வேண்டும், எல்லாம் சற்றுத் தளர்ந்திருக்கும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் சக்கரத்தின் நடுக்குமிழைத் தொட்டுப் பார்ப்பார்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் சாகக் கிடக்கிறது, அங்கேயே பயணத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இவ்வளவு பாடும் எதற்கு? ட்ரைக் ஓட்டுபவர்களில் எத்தனை பேர் முழங்கால் அறுவை ஆனவர்கள், இடுப்பு வலி தாங்காதவர்கள், இரண்டு சக்கரத்தைக் காலூன்றி நிறுத்த முடியாமல் போனவர்கள்! இரண்டு நாள் சேணத்தில் உட்கார்ந்து வர உடம்பு ஒத்துழைக்காது. ஆனால் பிளாக் ஹில்ஸ் மலையில் அயர்ன் மவுன்டன் ரோடு என்று ஒன்று இருக்கிறது. 17 மைலில் 314 வளைவுகள். மரப் பாலங்கள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலேறும். மூன்று சுரங்க வாய்கள் வழியே ரஷ்மோர் மலையில் செதுக்கிய முகங்கள் சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். ரேப்பிட் சிட்டியில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்ட்ராப்பை அவிழ்த்து, ரிவர்ஸ் போட்டுச் சரிவில் இறங்கினால், அந்த 314 வளைவுகளும் அவர்களுக்கும் உண்டு!